கடலைத் தள்ளிய ஆறு

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகக் கடற்கரைக்கு இறங்குகிறது. கண்டெய்னர் லாரிகளும் உப்பு லாரிகளும் இரவு பகலாக ஓடும் தடம் இது. உள்நாட்டில் இருக்கும் மதுரைக்குக் கடல் வாசல் ஒன்று எந்தக் காலத்திலும் தேவைப்பட்டது. வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம் இருந்தது. அதன் கதை தனி. பாண்டியர்களின் பெரிய வாசல் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்தது. ஆனால் அது ஒரே ஊரில் நிலைக்கவில்லை. முதலில் கொற்கை, பிறகு காயல், அடுத்து புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் ஒரே காலையில் நான்கு ஊர்களையும் பார்த்துவிடலாம்.

இந்த இடமாற்றத்துக்குப் பின்னால் அரசர்களும் போர்களும் உண்டு. அவர்களைவிடப் பொறுமையாக, ஒரு மழைக்காலம்கூட விடாமல் வேலை செய்த காரணம் வேறொன்று உண்டு. அது வண்டல். ஒரு சிறு ஆற்றுத்துறை எப்படிப் பிறந்தது, எப்படி மறைந்தது என்பதை வண்டலின் கணக்கில் பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

முத்து இறங்கிய துறை

ஏரலுக்குக் கிழக்கே, வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவில் இருக்கிறது இன்றைய கொற்கை. பெரிய குளம், அதில் வெற்றிவேல் அம்மன் கோயில், வயதான ஒரு வன்னி மரம், சில தெருக்கள். கடல் கிழக்கே சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அலைச் சத்தம்கூடக் கேட்காத இந்த ஊரின் பெயரால்தான் ஒரு காலத்தில் கடலே அழைக்கப்பட்டது. கி.பி. 2-ம் நூற்றாண்டில் தாலமி தன் நிலவியல் நூலில் மன்னார் வளைகுடாவைக் ‘கொல்கிக் வளைகுடா’ என்று குறித்தார். கொல்கி என்பது கொற்கை.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, எகிப்திலிருந்து வணிகம் செய்த கிரேக்க மொழிக்காரர் ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் கையேடும் கொற்கையைச் சொல்கிறது. பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பு அங்கே நடந்ததாகவும், தண்டனை பெற்ற கைதிகள் மூழ்கி முத்து எடுத்ததாகவும் அது குறிப்பிடுகிறது. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தைப் பேசுகின்றன. சிலப்பதிகாரத்தில் நெடுஞ்செழியன் இறந்தபின் அரசேற்கும் வெற்றிவேற்செழியன் கொற்கையில் இருந்தவன்.

மண்ணுக்குள்ளும் சான்று கிடைத்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69-ல் இங்கே அகழாய்வு செய்தது. செங்கல் கட்டுமானம், முதுமக்கள் தாழிகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் வெளிவந்தன. அங்கு எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலத்தைக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு கி.மு. 785 என்று காட்டியது. 2021-ல் துறை மீண்டும் அங்கே குழி தோண்டியது. கொற்கைக்கு அருகே அக்கசாலை என்ற ஊர் இன்றும் உண்டு. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம்.

இவ்வளவும் ஓர் ஆற்றுமுகத்தில் கூடியதற்கு இயற்கைக் காரணம் இருக்கிறது. முத்துச் சிப்பி வாழும் பார்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் இருக்கின்றன. அங்கே போய்வரும் தோணிகளுக்கு அலை அடங்கிய ஒதுக்கிடம் வேண்டும். மாதக்கணக்கில் தங்கும் கூட்டத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும். சரக்கை உள்நாட்டுக்குக் கொண்டுபோக மேடுபள்ளம் இல்லாத வழி வேண்டும். உப்புக் கரையில் இந்த மூன்றையும் சேர்த்துத் தருவது ஆற்றின் முகத்துவாரம் ஒன்றுதான். தாமிரபரணிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பொதிகையில் பிறப்பதால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அதற்குத் தண்ணீர் தருகின்றன. வற்றாத ஆறு, வற்றாத துறை.

கடல் உள்வாங்கியதா, நிலம் வளர்ந்ததா?

கொற்கையில் இன்று நிற்பவருக்கு முதலில் தோன்றும் விளக்கம், கடல் பின்வாங்கிவிட்டது என்பது. அதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் இறந்த பவளப்பாறைகள் உண்டு. பவளம் தண்ணீருக்குள் மட்டுமே வளரும். ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான அந்தப் பாறைகள், அன்று இந்தக் கரையில் கடல் சற்று உயரமாக நின்றதைக் காட்டுகின்றன.

ஆனால் கொற்கையின் கதைக்கு இது மட்டும் போதாது. கடல் மட்டம் இறங்கினால் கரை நெடுகிலும் அதன் விளைவு தெரிய வேண்டும். தெற்கே திருச்செந்தூரைப் பாருங்கள். சங்கப் பாடல் செந்திலை அலை வந்து மோதும் இடமாகச் சொல்கிறது. இன்றும் கோயிலை ஒட்டித்தான் அலை அடிக்கிறது. அங்கே கரை கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்க, கொற்கை மட்டும் ஆறு கிலோமீட்டர் உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் கரை நகர்ந்தது ஆற்றுமுகத்தில்தான், நகர்த்தியது ஆறுதான். இரண்டாயிரம் ஆண்டில் ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக ஆண்டுக்கு மூன்று மீட்டர். அறுபது வயது வாழ்ந்தவர் கண்முன் கரை 180 மீட்டர் விலகியிருக்கும். பேரனுக்குக் காட்டிச் சொல்லக்கூடிய மாற்றம் இது.

மூன்று மீட்டர் சின்ன அளவு போலத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆற்றுமுகத்தின் அகலம் பத்து கிலோமீட்டர், நிரப்ப வேண்டிய ஆழம் ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்று மீட்டர் நிலம் வளர ஒன்றரை லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். நம் பக்கத்து அளவில் சொன்னால் ஐம்பதாயிரம் யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் ஏற்றினால் ஆண்டுதோறும் பதினேழாயிரம் நடைக்கும் அதிகம். மண்வெட்டியும் கூடையும் இருந்த காலத்தில் இதை வாரிக் கொட்டி ஒரு துறையைக் காப்பாற்ற எந்த அரசாலும் முடிந்திருக்காது.

வேகம் குறைந்தால் மண் இறங்கும்

ஆறு மண்ணைச் சுமப்பது வேகத்தால். மலையிறக்கத்தில் கூழாங்கல்லையே உருட்டும் தண்ணீர், சமவெளிக்கு வந்ததும் கல்லை விட்டுவிட்டு மணலையும் சேற்றையும் மட்டும் கொண்டுவருகிறது. கடலைத் தொட்டதும் ஓட்டம் விரிந்து தளர்கிறது. அங்கே மணலும் இறங்குகிறது. எது எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதற்கு ஒரு விதி உண்டு. 1851-ல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அதை வகுத்தார். நுண்துகளின் குறுக்களவு பாதியானால் அது இறங்கும் வேகம் கால்பங்காகும்.

அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க நுண்மணலுக்கு ஓரிரு நிமிடம் போதும். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும் வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்கு இருக்கும் களித்துகளுக்கு மூன்று நாள் ஆகும். அப்படியென்றால் களிமண் ஆற்றுமுகத்தில் தங்காமல் நடுக்கடலுக்குப் போய்விட வேண்டும் அல்லவா? போவதில்லை. உப்பு அதைத் தடுத்துவிடுகிறது.

களித்துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதிலுள்ள சோடியம், மக்னீசியம் அயனிகள் அந்தத் தள்ளுதலை அடக்குகின்றன. நெருங்கி வந்த துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளாகி, கனம் கூடி இறங்குகின்றன. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அந்தக் குறுகிய இடமே வண்டலின் முக்கிய இறங்குதுறை. கப்பல் நிற்க விரும்பும் இடமும் அதுவே.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் கேன் தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர் நல்லது. இரண்டிலும் ஒரு ஸ்பூன் கரிசல் மண் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் மட்டும் லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் கல் உப்பு சேர்த்து மீண்டும் குலுக்கி வையுங்கள். உப்புப் பாட்டில் முதலில் தெளியும். மற்றது வெகுநேரம் கலங்கியே நிற்கும். தாமிரபரணியின் முகத்தில் ஆயிரமாண்டுக் கணக்கில் நடந்தது இதுதான்.

இன்னொரு காரணமும் கொற்கைக்கு எதிராக இருந்தது. கடல் வெகுவாக ஏறி இறங்கும் கரைகளில் வற்றம் வரும்போது திரும்பும் தண்ணீர் முகத்துவாரத்தைக் கழுவிவிடும். லண்டனின் தேம்ஸ் ஆற்றில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஆறு மீட்டருக்கு மேல். தூத்துக்குடிக் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. இறங்கிய மண்ணை எடுத்துச் செல்ல இங்கே வலுவான கை இல்லை.

முகத்துவாரத்தில் மணல் திட்டு எழும்பினால் ஆறு இரண்டாகப் பிரிந்து ஒதுங்கி ஓடும். பாதை நீள நீளச் சரிவு குறையும். ஓட்டம் மேலும் தளரும். பிறகு ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துக் குறுக்கு வழியில் புது வாய் தேடிக்கொள்ளும். பழைய வாய்க்காலில் இருந்த ஊர் கடலையும் இழக்கும், ஆற்றையும் இழக்கும். கொற்கைக்கு இரண்டும் நேர்ந்தன. தாமிரபரணி இன்று அந்த ஊரைவிட்டுத் தள்ளித் தெற்கே ஓடுகிறது.

நம் கண்மாயில் நடப்பதும் இதுவே

காரியாபட்டிக்காரர்கள் இந்த அறிவியலைக் கடற்கரைக்குப் போகாமலே அறிந்தவர்கள். குண்டாற்று வெள்ளமும் காட்டோடைத் தண்ணீரும் வரத்துக்கால் வழியே கண்மாய்க்குள் நுழையும்போது வேகம் இழக்கின்றன. மணல் வாயிலேயே தங்கிவிடும். மெல்லிய மண் உள்வாயில் பரவி, கோடையில் காய்ந்து கரம்பையாகக் கிடக்கும். அதை வெட்டி வண்டியில் ஏற்றிப் புஞ்சையில் அடிப்பது இந்தச் சீமையின் பழைய வழக்கம். காட்டுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம்.

குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் கடலைச் சேருகிறது. ஆனால் அதன் முகத்தில் கொற்கை போன்ற துறைமுகம் எழவில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு அது. வரும் தண்ணீரையும் மண்ணையும் திருச்சுழி, கமுதி வட்டாரக் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. மிஞ்சியதே கடலுக்குப் போகும். கண்மாயின் தூரை மனிதக் கையால் வாரிவிட முடியும். கொற்கையின் தூரை வார முடியாது. ஒரே இயற்பியல் இங்கே விவசாயத்தை வாழ வைத்தது, அங்கே துறைமுகத்தை முடித்துவைத்தது.

குதிரை இறங்கிய காயல்

கொற்கையில் ஆழம் குறைந்தபோது வணிகம் சாகவில்லை. புதிதாக வளர்ந்த நிலத்தின் ஓரத்துக்கு அது நகர்ந்தது. அங்கே எழுந்த ஊர் காயல், இன்றைய பழையகாயல். 1290-களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் மேற்கு நாடுகளின் கப்பல்களெல்லாம் குதிரைகளோடும் பிற சரக்குகளோடும் காயலில் வந்து நிற்பதாக எழுதினார். அப்போது பாண்டிய நாட்டை ஆண்டவன் முதலாம் மாறவர்மன் குலசேகரன். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், காயலிலும் பிற துறைகளிலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வரை இறங்கியதாகச் சொல்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வணிகத்தின் பெருக்கத்தில் மிகை இல்லை.

1310-ல் குலசேகரன் கொல்லப்பட்டதும், பிள்ளைகள் இருவரும் அரசுரிமைக்காக மோதிக்கொண்டதும், மறு ஆண்டு டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்ததும் காயலைத் தளர்த்தின. ஆனாலும் அரசர் மாறினால் துறை மீண்டுவிடும். ஆழம் போனால் மீளாது. குதிரை ஏற்றிவரும் மரக்கலம் முத்துத் தோணியைவிடப் பெரியது. கப்பல்கள் கேட்கும் ஆழம் கூடிக்கொண்டே போனது. துறையில் இருந்த ஆழம் குறைந்துகொண்டே வந்தது. கொற்கையைப் போலவே காயலும் உள்ளே ஒதுங்கியது.

இந்தத் தொடர்ச்சியை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் இடையன்குடியில் வாழ்ந்த கிறித்தவ மறைப்பணியாளர் கால்டுவெல். 1870-களில் அவர் கொற்கையிலும் காயலிலும் நடந்து திரிந்தார், தோண்டியும் பார்த்தார். காயல் வயல்களில் சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்கல ஓடுகளும் சிதறிக் கிடப்பதைக் கண்டார். ஆறு கொண்டுவந்த மண்ணே கொற்கையையும் காயலையும் அடுத்தடுத்துக் கடலிலிருந்து பிரித்தது என்ற அவருடைய விளக்கம், 1881-ல் வந்த திருநெல்வேலி வரலாற்று நூலிலும் இடம்பெற்றது.

உலகில் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. துருக்கியின் மிலேட்டஸ் கிரேக்கர் காலத்தில் கடல் துறைமுகம். மியாண்டர் ஆற்றின் வண்டல் அதை வயலுக்கு நடுவே விட்டுவிட்டது. பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரம் ஸ்வின் என்ற கடற்கால் தூர்ந்தபோது டாம், ஸ்லைஸ் என்று கடலை நோக்கித் துணைத் துறைகளை நகர்த்திக்கொண்டே போனது. 1500-ஐ ஒட்டி அதன் வணிகம் ஆண்ட்வெர்ப்புக்குக் கைமாறியது.

ஆற்றை விட்டு விலகிய துறைமுகம்

1530-களில் போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறையில் கால் ஊன்றியபோது அவர்கள் தங்கிய இடம் புன்னைக்காயல், ஆற்றின் புதிய வாய். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தந்த அண்டிரிக் அடிகளார் அங்கே வாழ்ந்து பணியாற்றியவர். ஆனால் ஆற்றின் வாயில் எழுந்த ஊருக்கு ஆற்றின் விதிதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் போர்ச்சுகீசியரின் கவனம் வடக்கே தூத்துக்குடிக்குத் திரும்பியது. 1658-ல் அது டச்சுக்காரர் கைக்கு வந்தது.

தூத்துக்குடிக்கும் முந்தைய மூன்று ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. அது பேராறு எதன் வாயிலும் இல்லை. முயல் தீவு முதலான தீவுகள் அலையைத் தடுத்தன. வண்டல் பெருமளவில் வந்து சேரவில்லை. ஆனாலும் கரையோரம் ஆழம் குறைவு. 19-ம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் கடலுக்குள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. கரிசல் காட்டுப் பருத்திப் பொதிகள் தோணிகளில் ஏறிப் போய்த்தான் அவற்றைச் சேர்ந்தன. 1974 ஜூலை 11-ல் தூத்துக்குடி நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது, ஒவ்வொன்றும் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களால் ஆழம் உருவாக்கப்பட்டிருந்தது. அந்த ஆழத்தையும் அவ்வப்போது மண் வாரித்தான் காக்க வேண்டியிருக்கிறது.

கணக்கு தலைகீழாகும் காலம்

இரண்டாயிரம் ஆண்டு கரையை வளர்த்த ஆறு இன்று அப்படி மண் கொண்டுவருவதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் வந்தது. 1940-களில் பாபநாசம் அணை, 1950-களில் மணிமுத்தாறு அணை. தேக்கத்தில் தண்ணீர் நின்றால் மண்ணும் அங்கேயே நிற்கும். மிஞ்சிய மணலை லாரிகள் அள்ளின. 2010-ல் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பு ஆற்றை மட்டும் காக்கவில்லை. ஆற்றுமணல் கரைக்குச் சேர வேண்டிய சொத்து. அது வராத கரையைக் கடல் அரிக்கும்.

அரிப்பு எப்படி இருக்கும் என்பதை மன்னார் வளைகுடாவே காட்டியிருக்கிறது. அதன் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அவற்றின் அரண் போயிற்று. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவும் சுருங்கிக்கொண்டே வந்தது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்க வேண்டியதாயிற்று. பவளமோ மணலோ, கரையைத் தாங்கும் பொருளை எடுத்துவிட்டால் கரை நிற்காது.

கொற்கையின் வீழ்ச்சியில் யாருடைய குற்றமும் இல்லை. ஆறு தன் வேலையைச் செய்தது. மக்கள் வளர்ந்த நிலத்தில் நெல் நட்டு, துறையை முன்னே நகர்த்திக்கொண்டார்கள். இன்று நடக்கும் அரிப்புக்கு நாம்தான் பொறுப்பு. ஆகவே இரண்டு மண்ணையும் பிரித்து அறிந்துகொள்வோம். கண்மாயில் இறங்கிய கரம்பை விவசாயிக்கு உரியது. அனுமதி வாங்கி ஆண்டுதோறும் அதை அள்ளிப் புஞ்சைக்குக் கொண்டுபோங்கள், கண்மாய் ஆழப்படும். ஆற்றில் ஓடும் மணல் கடற்கரைக்கு உரியது. குண்டாற்றிலும் வைகையிலும் தாமிரபரணியிலும் அதில் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.